காலை ஏழு மணிச் சாயங்காலம்

அந்த வீட்டில் சாயங்காலம் காலை ஏழு மணிக்கு வரும். ஊரே அவசர அவசரமாகப் பல் துலக்கிக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது, அவர் வேலை முடிந்து வந்து வாசலில் செருப்பை விடுவார். அவள் படுக்கையறை ஜன்னலுக்குத் தடித்த கறுப்புத் திரையை இழுத்துவிடுவாள். ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு மக்னீசியம் மாத்திரை. பிறகு ஒரு வாளி வெந்நீர், அதற்குள் அவருடைய இரண்டு கால்கள். கால் மணி நேரம் கழித்துக் காலைத் துடைத்துக்கொண்டு போய்ப் படுப்பார். வெளியே வெயில் சுள்ளென்று ஏறிக்கொண்டிருக்கும். உள்ளே புருஷனும் பெண்டாட்டியும் பொழுது சாய்ந்துவிட்டதாகப் பாவனை செய்துகொண்டிருப்பார்கள்.

அவர் ஊருக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப் ஹவுஸில் இரவு ஆபரேட்டர். எட்டு மணிக்குப் போனால் காலை ஆறு வரை மூன்று மோட்டார்களும் அவர் பொறுப்பு. மேல்தொட்டி நிரம்பும் நேரம் பார்த்து நிறுத்த வேண்டும். பத்தொன்பது வருஷத்தில் ஒரு சொட்டு வழியவிட்டதில்லை என்று மார்தட்டிக்கொள்வார். இரண்டு மாதத்துக்கு முன்னால் அந்த மார்தட்டலும் முடிவுக்கு வந்தது. உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டார். தொட்டி வழிந்து, தெருவில் ஓடி, நாலு வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. நாலில் ஒன்று சூப்பர்வைசர் வீடு. கெட்ட நேரம் ஆள் பார்த்துத்தான் வரும் போலிருக்கிறது.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா உங்களைப் புகார் கவுண்டருக்கு மாத்திடுவேன்" என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

புகார் கவுண்டர் என்றால், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று ஊர்க்காரர்கள் போடும் சண்டையையெல்லாம் கேட்டுக் கேட்டு எழுதிக்கொள்ளும் வேலை. அவரோ ஒரு நாளைக்கு ஐம்பது வார்த்தை பேசினால் அதிகம் பேசிவிட்டோம் என்று தண்ணீர் குடிக்கிற மனுஷர். மோட்டாருக்கு என்ன கோளாறு என்று காதை வைத்துச் சொல்லிவிடுவார். மனுஷருக்கு என்ன கோளாறு என்று கேட்கத் தெரியாது. அங்கே உட்காரவைத்தால் ஒரே மாதத்தில் ஆள் பாதியாகிவிடுவார் என்று அவளுக்குத் தெரியும்.

டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். மக்னீசியம் கொஞ்சம் கம்மி, மற்றபடி கிட்னி, சர்க்கரை எல்லாம் ஒழுங்கு என்றார். கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது, கண் இமை துடிக்கிறது, பொட்டுத் தூக்கம் இல்லை என்று அவள்தான் பக்கத்திலிருந்து அடுக்கினாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். மருந்துக் கடைக்காரம்மா மாத்திரையோடு ஒரு அச்சடித்த தாளும் கொடுத்தார். இரவு ஒன்பது: மாத்திரை. ஒன்பதேகால்: வெந்நீரில் கால். ஒன்பதரை: விளக்கைக் குறைத்துச் செல்போனைத் தள்ளிவைக்கவும். பத்து: படுக்கை. கடைசி வரி கொட்டை எழுத்தில்: சத்தம் அறவே கூடாது.

மனுஷருக்கு அச்சில் எதைக் கொடுத்தாலும் அது சட்டம். மோட்டார் கம்பெனிக்காரன் கொடுத்த கையேட்டை மனப்பாடம் செய்தவர் அவர். தாளில் ஒன்பது என்று போட்டிருக்கிறதா, ஒன்பதுதான். இரண்டு நாள் பம்ப் ஹவுஸுக்கு வாளியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்! வாளி ஏன் காணோம் என்று மூன்றாம் நாள் அவள் தேடியபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

"அங்க எதுக்குங்க வாளி?"

"ஒன்பதேகாலுக்குக் கால் வைக்கணுமே."

"வேலை நேரத்துலயா?"

"மாத்திரையும் அங்கதான் போட்டேன். லைட்டைக் கூடக் கொஞ்சம் குறைச்சேன்."

"லைட்டைக் குறைச்சீங்களா? தொட்டி அளவை யாருங்க பார்த்தது?"

"டார்ச் அடிச்சுப் பார்த்தேன்" என்றார் அவர், தன் புத்திசாலித்தனத்தில் கொஞ்சம் பெருமையோடு.

அவள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பிறகு பேனாவை எடுத்துத் தாளில் ஒன்பதை அடித்து ஏழு என்றும், இரவை அடித்துக் காலை என்றும் திருத்தினாள். கையால் எழுதிய திருத்தத்தை அவர் சந்தேகமாகத்தான் பார்த்தார். மருந்துக் கடைக்காரம்மாவுக்குப் போன் போட்டு, "ஆமாங்க, நீங்க தூங்கப் போற நேரம்தான் உங்களுக்கு ராத்திரி" என்று அந்த அம்மா வாயாலேயே சொல்லவைத்த பிறகுதான் ஒத்துக்கொண்டார்.

பத்து நாளில் கெண்டைக்கால் பிடிப்பு நின்றது. மாத்திரையாலோ, வெந்நீராலோ, அவள் தினமும் அவர் காலை நீட்டி மடக்கிவிட்டதாலோ, ஏதோ ஒன்று. இமை துடிப்பதும் குறைந்தது. தூக்கம் மட்டும் வரவில்லை.

வரவில்லை என்று அவர் சொல்லமாட்டார். எட்டு மாதமாகச் சொன்னதில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஆடாமல் அசையாமல் கிடப்பார். இருபத்திரண்டு வருஷம் பக்கத்தில் படுத்தவளுக்குத் தெரியாதா? நிஜமாகத் தூங்குகிறபோது அவர் வாயைப் பிளந்து ரயில் விடுவார். நடிக்கிறபோது மூக்கு வழியாக அளந்து அளந்து மூச்சு விடுவார். அவரும் தூங்குவதாக நடித்தார், அவளும் நம்புவதாக நடித்தாள்.

எல்லாம் இந்த வீட்டுக்கு வந்த பிறகுதான். முந்தின வீடு அச்சகத்துக்கு மேலே இருந்தது. பகலெல்லாம் தரையே அதிரும். இது புதுக் கட்டடம், மூன்றாம் மாடி, பின்பக்கம். ஊசி விழுந்தால் கேட்கும். இனி அவர் நிம்மதியாகத் தூங்கலாம் என்று ஆசைப்பட்டுத்தான் இந்த வீட்டைப் பிடித்தாள். வந்த முதல் வாரமே ஒருநாள் நண்பகலில் "ஐயோ" என்று அலறிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆனால் அவள் கண்ணில் பட்டது கால் இல்லை. முன்னறையில் அப்போது ஓடிக்கொண்டிருந்த தன் தையல் மிஷின்.

அது வீட்டுக்காரிகள் சட்டைக்குப் பித்தான் வைக்கிற மிஷின் இல்லை. திரைச்சீலை, சோபா உறை என்று கனத்த துணிகளைத் தைக்கிற கம்பெனி மிஷின். அடியில் ஒரு பெரிய மோட்டார். சுவிட்சைப் போட்ட நிமிஷத்திலிருந்து நிறுத்தும்வரை, தைத்தாலும் தைக்காவிட்டாலும், ம்ம்ம் என்று ஓடிக்கொண்டே இருக்கும். பெடலை மிதித்தால் ஊசி தடதடக்கும். பழைய வீட்டில் அச்சகத்துச் சத்தத்தில் அது காதிலேயே விழாது. இங்கே வீட்டிலிருக்கும் ஒரே சத்தம் அதுதான். பாவி, நானே அவர் தூக்கத்தைக் கெடுக்கிறேனே என்று அன்றைக்கே பகலில் தைப்பதை நிறுத்தினாள்.

அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை. உங்களுக்காக நிறுத்தினேன் என்றால் மனுஷர் சங்கடப்படுவார். "இடுப்பு வலிக்குதுங்க. பகல்ல கொஞ்ச நாள் தைக்கல" என்றாள்.

அவர் எழுந்திருக்கும் நாலு மணிக்குத் தொடங்கி, எட்டுக்குக் கீழ்வீட்டுக்காரர் ஆபீஸிலிருந்து வந்து துடைப்பக்கட்டையால் தன் கூரையைத் தட்டும்வரை தைப்பாள். நடுவில் சமையல், அவரை வேலைக்கு அனுப்புவது. நாலு மணி நேரத்தில் என்ன பெரிதாகத் தைத்துவிட முடியும்? துணி கொடுத்துக்கொண்டிருந்த நாலு கடைகளில் மூன்று கைவிட்டுப் போயின. பதினைந்து வருஷம் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கிப் பிடித்த வேலை. கர்ட்டன் கடைக்காரர் போகும்போது, "உங்க கை எனக்குப் பிடிச்ச கைம்மா, ஆனா சொன்ன தேதிக்கு வரலையே" என்றார். அந்த வார்த்தை நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டு நின்றது.

தொட்டி வழிந்த பிறகு அவள் முடிவே எடுத்துவிட்டாள். நாத்தனார் தையல் கடை வைத்திருக்கிறாள். நாற்பத்திரண்டு வயதிலும் குடும்பத்துக்கு அவள் பாப்பாதான். "மிஷினை நீயே எடுத்துக்க பாப்பா. எனக்கு இடுப்பு முடியல" என்று சொன்னாள். சனிக்கிழமை மதியம் வண்டியோடு வருகிறேன் என்று பாப்பா வாயெல்லாம் பல்லாகச் சொல்லிவிட்டுப் போனாள். அவர் மிஷின் பக்கம் ஒரு பார்வை பார்த்தார், அவள் இடுப்பை ஒரு பார்வை பார்த்தார், போய்ப் படுத்துக்கொண்டார்.

கடைசி ஆர்டர் பல் டாக்டர் கிளினிக்குக்கு. நாற்காலி உறை இருபத்து நாலு, சனிக்கிழமை மதியத்துக்குள் போய்ச் சேர வேண்டும். வெள்ளிக்கிழமையும் கீழ்வீட்டுக் கட்டை எட்டு மணிக்குத் தட்டியது. பதினோரு உறை மிச்சம்.

சனிக்கிழமை காலை அவருக்கு மாத்திரை கொடுத்து, காலைத் துடைத்து, படுக்கவைத்துவிட்டு மிஷின் முன்னால் வந்து உட்கார்ந்தாள். தைத்தால் அவர் தூக்கம் போச்சு. தைக்காவிட்டால் பதினைந்து வருஷப் பேரின் கடைசித் துண்டும் போச்சு. போகிற மிஷின், போகிற வேலை, போகும்போதாவது சொன்ன தேதிக்குப் போகட்டும் என்று தோன்றியது. படுக்கையறைக் கதவைச் சாத்தி, இடுக்கில் துண்டைத் திணித்தாள். மிஷின் கால்களுக்கு அடியில் போர்வையை மடித்துப் போட்டாள். மனசுக்குள் ஆயிரம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சுவிட்சைப் போட்டாள்.

ம்ம்ம் என்றது மோட்டார்.

ஒரு உறை முடிந்தது. இரண்டு, மூன்று. உள்ளே அவர் மூக்கு வழியாக மூச்சை அளந்துகொண்டு கிடப்பார் என்று நினைத்து அடிக்கொரு தரம் கதவைத் திரும்பிப் பார்த்தாள். நாலாவது உறையின் மடிப்பில் துணி நாலு சுற்றாகச் சேர்ந்த இடத்தில் ஊசி பட்டென்று உடைந்தது. ஊசி மாற்றும்போது மோட்டாரை நிறுத்தாமல் விரலை வைக்கமாட்டாள்; அது அவள் பழக்கம். சுவிட்சை அணைத்தாள். வீடு சட்டென்று அமைதியாயிற்று.

மறு நொடி படுக்கையறைக் கதவு படாரென்று திறந்தது.

அவர் நின்றார். தலைமுடி ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டிருந்தது. கண் பாதிகூடத் திறக்கவில்லை. "எது நின்னுச்சு?"

"என்னங்க?"

"மோட்டார் நின்னுடுச்சே. ரெண்டாவதா, மூணாவதா?" கை சுவரைத் தடவித் தடவி அங்கே இல்லாத சுவிட்ச் பெட்டியைத் தேடியது.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். கன்னத்தில் தலையணை உறையின் மடிப்பு சிவப்பாக, ஆழமாகப் பதிந்திருந்தது. கடைவாயில் எச்சில் காய்ந்திருந்தது. மூச்சை நடிக்கலாம், கன்னத்து மடிப்பை நடிக்க முடியாது. மனுஷர் தூங்கியிருக்கிறார். நன்றாக, அடித்துப்போட்ட மாதிரி தூங்கியிருக்கிறார்.

அவள் கை தானாகப் போய் சுவிட்சைப் போட்டது. ம்ம்ம்.

அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். "ம்... எடுத்துக்கிச்சு" என்றார் திருப்தியாக. திரும்பிப் போய்க் கட்டிலில் விழுந்தார். அவள் வாசலில் போய் நின்று காதைக் கொடுத்தாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. வாயைப் பிளந்துகொண்டு ரயில் கிளம்பிவிட்டது.

அப்போதும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. மெல்ல வந்து, மோட்டாரை அணைத்து, மனசுக்குள் மூன்று எண்ணினாள். கட்டில் கிறீச்சிட்டது. "யாரது பேனல்ல?" என்று உள்ளிருந்து ஒரு அதட்டல். அலறியடித்துக்கொண்டு சுவிட்சைப் போட்டாள். அதட்டல் குறட்டையாக மாறியது.

பத்தொன்பது வருஷமாக அந்த மனுஷருக்கு மோட்டார் ஓடினால் உலகம் நலம், நின்றால்தான் ஆபத்து. மோட்டார் நிற்கிற அந்த ஒரு கணத்தில் விழித்துக்கொள்ள உடம்பைப் பழக்கி வைத்திருக்கிறார். பழைய வீட்டில் அச்சகம் ஓடியது, தூங்கினார். இங்கே அவள் அன்பாக, ஆசையாக, சத்தமே இல்லாத வீட்டைக் கொண்டுவந்து அவர் தலையில் கட்டினாள். பகல் முழுக்க அவர் காதுக்கு எல்லா மோட்டாரும் நின்றுபோன வீடு. எப்படித் தூக்கம் வரும்?

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடிவதற்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எட்டு மாதம்! மூன்று கடை! அவர் தூங்கட்டும் என்று எதை நிறுத்தினாளோ, அது ஓடியிருந்தால் அவர் தூங்கியிருப்பார். முட்டாளே முட்டாளே என்று தன்னைத் திட்டிக்கொண்டே புது ஊசியைக் கையில் எடுத்தாள். மோட்டார் ஓட ஓட, பெடல் பக்கமே கால் போகாமல் பார்த்துக்கொண்டு, உயிரைக் கையில் பிடித்தபடி ஊசியை மாட்டினாள். அப்புறம் மிதித்தாள் பாருங்கள் பெடலை, அன்றைக்கு மிதித்த மாதிரி அவள் என்றைக்கும் மிதித்ததில்லை.

பதினொன்றரைக்குக் கடைசி உறையும் முடிந்தது. மோட்டாரை அணைக்கவில்லை. பழைய துண்டு ஒன்றுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தபோது பாப்பா வந்தாள்.

"அண்ணி! ரெடியா? வண்டி கீழே நிக்குது, ரெண்டு ஆளுங்களும்..."

"ஷ்ஷ்! மெதுவாப் பேசு. உங்க அண்ணன் தூங்கறார்."

பாப்பா மிஷினைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள். "மிஷின் இந்தக் கத்து கத்துது. என் குரல்தான் உங்களுக்கு இடைஞ்சலா?"

"மிஷின் கத்தலாம். நீ கத்தக் கூடாது."

"இடுப்பு வலின்னுதானே சொன்னீங்க? தலைக்கும் ஏறிடுச்சா?" என்று சொல்லிக்கொண்டே பாப்பா குனிந்து பிளக்கை உருவப் போனாள்.

அவள் பாய்ந்து பாப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். "அதுல கையை வச்சே, நடக்கறதே வேற!"

இருபத்திரண்டு வருஷத்தில் நாத்தனாரிடம் இப்படி ஒரு வார்த்தை பேசியதில்லை. பாப்பா பிளக்கை விட்டு நிமிர்ந்தாள். அவள் பிடியை விடாமலே பாப்பாவைப் படுக்கையறைக் கதவருகே கூட்டிக்கொண்டு போய், காதை வைக்கச் சொன்னாள். பிறகு நடந்ததையெல்லாம் கிசுகிசுப்பாகச் சொன்னாள். பாப்பா கதவில் காதை வைத்தபடி ரொம்ப நேரம் நின்றாள். அண்ணன் குறட்டை விட்டு எத்தனை நாளாயிற்று என்று அவளுக்கும் தெரியும். தொட்டி வழிந்த அன்றைக்குப் பாப்பாவிடம்தான் வந்து தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சரி" என்றாள் பாப்பா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "மிஷின் உங்களுக்கே இருக்கட்டும். வண்டி கொண்டுவந்துட்டேனே, அதுக்கு என்ன பதில்?"

"இருபத்தி நாலு உறை இருக்கு. பல் டாக்டர் கிளினிக்ல இறக்கிட்டுப் போயிடு."

"நல்லா வந்தீங்க அண்ணி" என்று முணுமுணுத்தாலும், பாப்பா மூட்டையை எடுத்துக்கொண்டு படியில் பூனை மாதிரி இறங்கினாள்.

நாலு மணிக்கு அவள் மோட்டாரை நிறுத்தினாள். அவர் வந்து வாசலில் நின்றார். இந்த முறை கண் முழுசாகத் திறந்திருந்தது. "நின்னுடுச்சே" என்றார்.

"நான்தான் நிறுத்தினேன். எட்டு மணி நேரம் தூங்கிட்டீங்க. போதும், எழுந்திரிங்க."

அவர் மிஷினைப் பார்த்தார். "பாப்பா வரலையா?"

"வந்தா. போயிட்டா. மிஷின் இங்கதான் இருக்கும்."

"உன் இடுப்பு?"

"என் இடுப்புக்கு ஒண்ணும் இல்ல. பொய் சொன்னேன். நீங்க தூங்கணும்னு சத்தத்தை நிறுத்தினேன்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் முகம் என்னவோ போலாயிற்று. "நான் உனக்கு நிஜமாவே முடியலன்னு நெனச்சேம்மா. பதினஞ்சு வருஷம் குனிஞ்சு குனிஞ்சு தைச்சே, இப்பவாவது கொஞ்சம் நிமிரட்டும்னு இருந்தேன். பகல்ல மிஷின் நின்னதுலருந்து வீடே ஒரு மாதிரி இருந்துச்சு. அதை உங்கிட்ட எப்படிச் சொல்றது? சொன்னா, வலியோட எழுந்து போய் மிஷினைப் போடுவே."

அன்றைய ஐம்பது வார்த்தையையும் அவர் அதிலேயே செலவழித்துவிட்டார். அவள் அவர் பக்கத்தில் போய் நின்று, தூக்கிக்கொண்டிருந்த முடியைப் படியவைத்தாள்.

"அப்போ மாத்திரையை நிறுத்திடலாமா?" என்று கேட்டார்.

"டாக்டர் சொன்ன வரைக்கும் போடுங்க. அது காலுக்கு. இது தூக்கத்துக்கு."

"தாள்ல சத்தம் அறவே கூடாதுன்னு அச்சடிச்சிருக்கே" என்றார் அவர், நிஜமான கவலையோடு. அவள் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தாள்.

அடுத்த வாரம் சூப்பர்வைசர் சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் பம்ப் ஹவுஸுக்கு வந்து பார்த்திருக்கிறார். ஆபரேட்டர் வால்வுப் பக்கத்தில் நின்றபடி தொட்டி அளவை எழுதிக்கொண்டிருந்தார். "தேவலையே" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அந்த ஒரு வார்த்தையைக் காலையில் வாளிக்குள் காலை வைத்துக்கொண்டு நாலு தடவை சொன்னார்.

அவர் படுக்கப் போனதும் அவள் செல்போனை எடுத்துக் கர்ட்டன் கடைக்காரருக்குப் போட்டாள். பல மாதமாகக் கூப்பிடக் கூச்சப்பட்ட நம்பர்.

"அண்ணே, துணி அனுப்புங்க. சொன்ன தேதிக்கு ஒருநாள் முன்னாலயே தர்றேன். இனிமே காலையில ஏழரைக்கே மிஷினைப் போட்டுடுவேன்."

"காலையிலயா?" என்றார் கடைக்காரர். "உங்க வீட்டுக்காரர் அப்பதானே வந்து படுப்பார்? அவர் தூங்க வேண்டாமாம்மா?"

"அவர் தூங்கணும்னுதான் அண்ணே தைக்கிறேன்" என்றாள் அவள். சொல்லிக்கொண்டே கையை நீட்டிச் சுவிட்சைப் போட்டாள்.